உண்ணி ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

வீட்டு நாய்க்கு டிக் ஃபீவர், அதாவது உண்ணிக் காய்ச்சல் வந்து, டாக்டர் ரத்தம் பார்த்து "பேபிசியா" என்ற ரத்த ஒட்டுண்ணி என்று சொன்ன நாளிலிருந்து மகள் அதையே பேசிக்கொண்டிருக்கிறாள், இதைப் படித்தால் பிழைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கூடவே, "நீட் சரியாக வராவிட்டால் கால்நடை மருத்துவம்தான் கதி போல" என்றும் ஒரு வரி. முதலில் அந்த வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அந்தப் பேச்சு தொடர்ந்தால் பிள்ளை மனசு விட்டுப்போகும்.

இந்தத் துறையைத் தொடங்கி வைத்ததே மாட்டு நோய்தான். 1888-ல் ருமேனியாவில் விக்டர் பாபேஷ் மாட்டு ரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார், அவர் பெயரால்தான் பேபிசியா. 1893-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சாஸ் மாட்டுக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று நிரூபித்தார்கள். கொசுவுக்குள் மலேரியா கிருமியை ரொனால்ட் ராஸ் பார்த்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. ஸ்மித் மனித மருத்துவம் படித்தவர், கில்போர்ன் கால்நடை மருத்துவர், இரண்டு பேரும் சேர்ந்ததால் கிடைத்த விடை அது. நம் ஊருக்கும் இதில் இடம் உண்டு: நாய்களைத் தாக்கும் பேபிசியா கிப்சோனியை 1910-ல் பேட்டன் என்ற ஆய்வாளர் முதன்முதலில் விவரித்தது மெட்ராஸ் வேட்டை நாய்களின் ரத்தத்திலிருந்துதான்.

மனிதர்களுக்கும் வரும் என்பது 1957-ல் யுகோஸ்லாவியாவில், ஸாக்ரெப் பக்கம், மண்ணீரல் எடுக்கப்பட்ட ஒருவர் இறந்தபோதுதான் உறுதியானது. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்ததை 1969-ல் அமெரிக்காவின் நாந்துக்கெட் தீவு மாற்றிவிட்டது, அங்கே உடம்பு நன்றாக இருந்தவருக்கே வந்தது. எலியிடமிருந்து உண்ணிக்கு, உண்ணியிடமிருந்து மனிதனுக்கு. தானம் கொடுத்த ரத்தம் வழியாகவும் பரவுவதால், 2019-ல் இருந்து அங்கே நோய் அதிகமுள்ள மாநிலங்களில் தான ரத்தத்தைப் பேபிசியாவுக்கும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் மனிதர்களிடம் அபூர்வம், மாட்டிலும் நாயிலும் சர்வ சாதாரணம். அதனால் இங்கே இந்த ஒட்டுண்ணியை அன்றாடம் கண்ணால் பார்ப்பவர் கால்நடை மருத்துவர்தான். நீங்கள் இரண்டாம் இடம் என்று நினைப்பது இந்தத் துறைக்கு முன்வாசல்.

சரி, வழிகள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை வருடம், பயிற்சி வருடத்தையும் சேர்த்து. அப்புறம் ஒட்டுண்ணியியலில் எம்.வி.எஸ்சி. என்ற மேற்படிப்பு இரண்டு வருடம், அதன்பின் பிஎச்.டி. நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன், காரணம் நடுவில் எங்கே நின்றாலும் கையில் தொழில் இருக்கும்: டி.என்.பி.எஸ்.சி. எழுதி உதவி கால்நடை மருத்துவர் ஆகலாம், சொந்தக் கிளினிக் போடலாம், தடுப்பூசி நிறுவனங்களுக்குப் போகலாம். பேபிசியாவின் உறவுக்காரக் கிருமியான தைலீரியாவுக்கு இந்தியாவிலேயே மாட்டுத் தடுப்பூசி தயாராகிறது, அங்கெல்லாம் ஆள் தேவை.

விலங்கைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதில் அவளுக்கு விருப்பம் இல்லை, கிருமியும் மரபணுவும்தான் பிடிக்கிறது என்றால் விலங்கியலோ நுண்ணுயிரியலோ பி.எஸ்சி., எம்.எஸ்சி. போகலாம். உண்ணியின் மேலேயே ஆர்வம் என்றால் புதுச்சேரி ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. இருக்கிறது, நம் பெற்றோர் பலருக்கு அந்தப் படிப்பு இருப்பதே தெரியாது. ஆனால் இந்த வழியில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, வாங்குவதுதான் பெரிய கண்டம். வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப் படி தனி. வாங்காவிட்டால் திட்டப் பணிகளில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒப்பந்தத்தில் ஓட வேண்டியிருக்கும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எந்த வழியில் போனாலும் பிஎச்.டி. முடிக்கும்போது வயது முப்பதை ஒட்டிவிடும். கல்யாணப் பேச்சை நடுவில் எடுத்து ஆய்வை நிறுத்தச் சொல்லமாட்டோம் என்று இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு காரியம் உண்டு. நாயைப் பார்த்த டாக்டரிடமே கேட்டு, அவள் ஒரு நாள் ஆய்வகத்தில் உட்காரட்டும். நாயின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடி வில்லையில் மெல்லிசாக இழுத்து, மெத்தனாலில் நனைத்து, ஜீம்சா சாயம் போட்டு, எண்ணெய்ச் சொட்டு வைத்து ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார்கள். சிவப்பணுவுக்குள் ஊதா நிறத்தில் குட்டி வளையம் தெரியும். மாட்டு ரத்தம் என்றால் பேரிக்காய் போல இரண்டு, நுனியோடு நுனி சேர்ந்து நிற்கும். ஆனால் அது உடனே தெரியாது, வில்லையை நகர்த்தி நகர்த்தி, கழுத்து வலிக்கத் தேடினால்தான் கிடைக்கும், சில வில்லையில் கடைசிவரை கிடைக்காது. ஒன்றும் கிடைக்காத வில்லையை வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறாளா, எழுந்து போய்விடுகிறாளா என்று அந்த டாக்டரிடம் விசாரியுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட இதைத்தான் நான் நம்புவேன். இன்னொன்று, ஆர்வத்தில் நாயின் உண்ணியை வெறுங்கையால் பிடுங்கி நசுக்க விடாதீர்கள், கையுறை போட்டுச் சாமணத்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சேர்க்கை: கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாநில இடங்கள் பிளஸ் டூ கட்-ஆஃப்படிதான் நிரம்புகின்றன, நீட் கேட்பதில்லை. 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மட்டும் நீட் மதிப்பெண் வேண்டும். அதனால் நீட்டை எழுதட்டும், ஆனால் அதற்காகப் பொதுத்தேர்வு உயிரியலையும் வேதியியலையும் கோட்டைவிட வேண்டாம். பிளஸ் டூ முடிவு வருகிற சமயத்தில் பல்கலைக்கழக அறிவிப்பைத் தினமும் பாருங்கள், விதிமுறை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்த வருடம் போச்சு.