மாவு பொங்காவிட்டால் என்ன?

கேள்வி: மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிவந்திருக்கிறோம். இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. பள்ளி விட்டுக் குளிரில் வரும் பிள்ளைகளுக்குச் சுடச்சுட என்ன செய்து தருவது?
– ஒரு வாசகி, நாயுடுபுரம்

பதில்: மாவு பொங்கும்வரை பிள்ளைகளின் பசி காத்திருக்காதும்மா. புளிக்க வைக்கத் தேவையில்லாத அடைக்கு மாறிவிடுங்கள். ஒரு கப் புழுங்கலரிசி, அரை கப் துவரம்பருப்பு, கால் கப் கடலைப்பருப்பு, 4 காய்ந்த மிளகாய். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் சீக்கிரம் ஊறாது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மதியமே மூடி வையுங்கள். உப்பு, பெருங்காயம் போட்டுக் கொரகொரப்பாக அரைத்து, 2 கேரட்டைத் துருவிக் கலந்து, இரும்புக்கல்லில் சற்றுக் கனமாக வார்த்து, நடுவில் ஓட்டை போட்டு நல்லெண்ணெய் விடுங்கள். ஓரம் சிவந்து முறுகிய பிறகே திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் மாவாகவே இருக்கும். என் வீட்டில் அந்த முறுகல் ஓரத்துக்குத்தான் சண்டையே.

தொட்டுக்கொள்ள மலைப்பூண்டுச் சட்னி. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூண்டு. காரம் அதிகம், கீழ்நாட்டுப் பூண்டில் பாதி போதும்.

சீசனில் பச்சை பட்டர் பீன்ஸ் வாங்கி உரித்து, உப்புப் போட்டுக் குக்கரில் வேகவையுங்கள். தேங்காய் தூவினால் அதுவே சுண்டல். திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயறு வேக நேரமாகும், கேஸ்தான் வீண்.

இட்லி மாவை விட்டுவிட மனமில்லையென்றால், இரவில் மாவுப் பாத்திரத்தை வெந்நீர் நிரம்பிய அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி, கம்பளியால் சுற்றி வையுங்கள்.