இரண்டு வேட்டி, ஒரு துவையல்

அன்புள்ள அக்கா,

சென்னையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, போன ஆண்டு குடும்பத்தோடு சேரன்மகாதேவி பக்கம் தாத்தா வீட்டுக்கே வந்துவிட்டேன். வயது 43. எளிமையாக, சந்தோஷமாக வாழ வேண்டும் என்று எனக்கென ஒன்பது கொள்கைகள் எழுதி வைத்திருக்கிறேன். காலை நாலரைக்கு எழுவது. தினமும் ஆற்றில் குளிப்பது. நான்கே உடுப்பு. மாலை ஆறு மணிக்கு மேல் போனைத் தொடுவதில்லை. டிவி இல்லை. கட்டிலை விற்றுவிட்டுப் பத்தமடைப் பாயில் படுக்கை. ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். அம்மியில் அரைத்த துவையலும் கைக்குத்தல் அரிசிச் சோறும்தான். கடன் இல்லை. யாரிடமும் கோபம் இல்லை. மனைவியும் புரிந்துகொண்டு ஒத்துழைக்கிறாள். காந்தி சொன்ன எளிமை இதுதானே? ஆனாலும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. பத்தாவதாக ஒன்று எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அனுபவத்தில் அது என்னவாக இருக்கும், சொல்லுங்களேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஊரில் என் பெரியப்பாவுக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. அங்கே கேட்ட பேச்சு இன்னும் காதிலேயே நிற்கிறது. அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுடையதை முதலில் எடுத்தேன்.

நாலரைக்கு எழுவதும் ஏழரைக்கு எழுவதும் அவரவர் உடம்பைப் பொறுத்தது. போன், டிவி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றுக் குளியல் கொடுத்துவைத்தவர்களுக்குக் கிடைப்பது, விட்டுவிடாதீர்கள். ஆனால் சோப்பைக் கரையோடு வைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறவர்களைத் திட்டித் திட்டி எங்களுக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் படித்துறைப் பக்கமே போகாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன பாடு படுத்தியது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், சொல்வார்கள். கடன் இல்லாதது நல்லது. யாரிடமும் கோபம் இல்லை என்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை. சரி, போகட்டும்.

ஏழாவது கொள்கைக்கு வந்ததும் எனக்குத்தான் கோபம் வந்தது. அம்மியில் அரைத்த துவையல். யார் அரைக்கிறார்கள் தம்பி? அந்த நான்கு உடுப்பையும் மெஷின் போன பிறகு யார் துவைக்கிறார்கள்? கடிதம் முழுக்க நீங்கள் எழுகிறீர்கள், குளிக்கிறீர்கள், படுக்கிறீர்கள். உங்கள் மனைவி ஒரே ஒரு வரியில் வந்து ஒத்துழைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

எங்கள் பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியார். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிற, வீரவநல்லூருக்குப் பக்கத்து ஊர். ஆயுசு பூராவும் கதர்தான். இரண்டே வேட்டி, இரண்டே ஜிப்பா. ராத்திரிக்குக் கஞ்சி. சம்பளத்தில் பாதியை ஏழைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பணம் கட்டியே தீர்த்துவிடுவார். அவரைப் போல நல்ல மனுஷரை நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நினைவுக் கூட்டத்தில் பேசிய அத்தனை பேரும் அந்த இரண்டு வேட்டியைத்தான் சொன்னார்கள். ஒருவர் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. பெரியம்மாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு மேடையில் இடமில்லை. இருந்திருந்தால் இப்போது உங்களுக்கு எழுதுவதைத்தான் அங்கே பேசியிருப்பேன்.

இரண்டு வேட்டி என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். தினமும் துவைத்தே ஆக வேண்டும். எட்டு வேட்டி வைத்திருந்தால் வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகத் துவைத்துப் போட்டிருக்கலாம், இல்லை வெளுக்கப் போட்டிருக்கலாம். கதர் நனைந்தால் என்ன கனம் கனக்கும் தெரியுமா? பெரியம்மா விடிகிறதுக்கு முன்னால் கால்வாய்க்குப் போய் 501 சோப்புப் போட்டு, கல்லில் அடித்து, நீலம் முக்கி, கஞ்சி போட்டு உலர்த்துவாள். அடைமழைக் காலத்தில் தார்சாவில், அதாவது வீட்டுத் தாழ்வாரத்தில், கொடி கட்டிக் காயப்போடுவாள். அதிலும் காயாவிட்டால் அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய் அடுப்பு வெக்கையில் உலர்த்துவாள். காய்ச்சல் என்று படுத்த நாளிலும் நானோ அக்காவோ போனோமே தவிர, அந்த வேட்டி துவைக்காமல் கிடந்ததில்லை. பெரியப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பளீரென்று இருப்பார். ஊரே பார்த்து, எவ்வளவு எளிமையான மனுஷர் என்று சொல்லும்.

சாப்பாடும் அப்படித்தான். "நமக்கு ஒரு சோறு, ஒரு துவையல் போதும்" என்பார். மனசாரச் சொல்வதுதான், அதில் பொய் கிடையாது. ஆனால் அந்த ஒரு துவையல் இன்றைக்கு எள்ளு, நாளைக்குக் காணம் (கொள்ளு), மறுநாள் பருப்பு, அதற்கு மறுநாள் இஞ்சி. எள்ளைக் களைந்து, கல் அரித்து, காயவைத்து, பொரியப் பொரிய வறுத்து, மிளகாயும் புளியும் தேங்காயும் வைத்து அம்மியில் இழுத்து இழுத்து அரைக்க வேண்டும். அன்றைக்கென்று உளுந்தம்பருப்புச் சோறு வடித்தால் தேங்காய் திருவுவது தனி வேலை. நான் எட்டு வயதில் அந்த அம்மிக் குழவியைப் பிடித்தவள். சாயங்காலம் பெரியம்மாவின் கையைப் பிடித்துவிடும்போது மணிக்கட்டு வீங்கியிருக்கும். ஒரு கூட்டு, ஒரு பொரியல் என்று பருமனாக நறுக்கிப் போட்டு இறக்கியிருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

விருந்தாளியை விட்டுவிட்டேனே. எளிய மனுஷர் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும். பழைய மாணவன், கதர்க்கடைக்காரர், வழிப்போக்கர் யார் வந்தாலும் "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பட்டாசலில், அதாவது கூடத்தில், இருந்தபடியே குரல் வரும். உள்ளே பானையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. பெரியம்மா புறவாசல் வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டில் உழக்கு அரிசி வாங்கி உலை வைப்பாள். அதைத் திருப்பிக் கொடுப்பதும் அவள் கணக்கு. பெரியப்பாவுக்குக் கடனே இல்லை என்று அந்தக் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டு நிலவரத்துக்கு வருகிறேன். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மாவு நம் வெயிலில் மறுநாளே புளித்துப் பொங்கிவிடும். அப்படியானால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். ஆட்டுரலில். கைக்குத்தல் அரிசி வெந்து வர நேரம் பிடிக்கும், முன்கூட்டியே ஊறப்போட நினைவு வைத்திருக்க வேண்டும். நான்கு உடுப்பு உங்களுக்கு. பிள்ளைகளின் சீருடை, போர்வை, உங்கள் அம்மாவின் சேலை எல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது? நீங்கள் கொடுத்துவிட்ட ஒவ்வொரு சாமானும் செய்துகொண்டிருந்த வேலை வீட்டைவிட்டுப் போகவில்லை தம்பி. ஒரு ஆளின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரர்கள் 1950களிலேயே ஆட்டுரலுக்கு மோட்டார் பூட்டிவிட்டார்கள். எங்கள் பெரியம்மா வீட்டுக்கு அது எண்பதுகளின் நடுவில்தான் வந்து சேர்ந்தது. அண்ணன் தன் முதல் போனஸில் வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பினான். பெரியப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. ருசி போய்விடும், கரண்ட் பில் ஏறும், மனுஷன் சோம்பேறி ஆகிவிடுவான் என்று ரொம்ப நாள் முனங்கினார். பெரியம்மா பதில் பேசவில்லை, ஆனால் கிரைண்டரைத் திருப்பி அனுப்பவும் விடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவளுக்கென்று கொஞ்ச நேரம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தாள். தார்சாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கனமான நாவல்களாக எடுத்துப் படித்துத் தள்ளினாள். நான் விடுமுறைக்குப் போனால் கதாபாத்திரங்களைப் பற்றி என்னிடம் சண்டை போடுவாள். அம்பது வயதுக்கு மேல்தான் அவளுக்கு அந்த வாழ்க்கை வந்தது. அதற்கு முன்னால் இருந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

2011இல் அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது, ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள் என்று பேசியவர்களை நிறையப் பார்த்தேன். பெரும்பாலும் ஆண்கள். ஆட்டுரலில் ஒரு உழக்கு உளுந்து ஆட்டிய அனுபவம் உள்ள ஒருத்தி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

என் குடும்பக் கதையை வைத்து அளக்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2019இல் மத்திய அரசு நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையைத் தொடுகிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்த சராசரி. அப்படித் தொடுகிறவர்களே 100க்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். மிக்சியும் கிரைண்டரும் பரவிய பிறகு எடுத்த கணக்கு இது. நீங்கள் அவற்றையும் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறீர்கள்.

காந்தி பெயரை எடுத்தீர்கள். தென்னாப்பிரிக்காவில் அவர் எளிமையை ஆரம்பித்தது சலவைச் செலவைக் குறைக்கத்தான். சட்டைக் காலரைத் தானே துவைத்து, தானே கஞ்சி போட்டு, தானே தேய்த்தார். முதல் நாள் கஞ்சி உதிர உதிர கோர்ட்டுக்குப் போய் சக வக்கீல்கள் சிரித்தார்கள். பிறகு தலைமுடியையும் தானே வெட்டிக்கொண்டார். அதே மனுஷர், 1898இல் டர்பன் வீட்டில், தங்கியிருந்த குமாஸ்தா ஒருவரின் சிறுநீர்ச் சட்டியைக் கஸ்தூரிபா முகம் சுளிக்காமல் எடுத்துக் கொட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த அம்மாள் அழுதபோது கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். வெட்கப்பட்டு அதையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். காலர் துவைத்த காந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல்வரை இழுத்தவர் நமக்கு வேண்டாம்.

பாயையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, கீறி, நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்வது பத்தமடைப் பாய். நல்ல பட்டுப் பாய் என்றால் வாரக்கணக்கில் வேலை. நெய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், தரையில் உட்கார்ந்து முதுகு ஒடிய நெய்கிறவர்கள். படுங்கள், தாராளமாகப் படுங்கள். அடுத்த முறை வாங்கும்போது பேரம் மட்டும் பேசாதீர்கள்.

எனக்கு மிக்சி மேல் பக்தி ஒன்றும் கிடையாது. அம்மித் துவையலின் ருசியே வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். நாலரைக்குத்தான் எழுந்துவிடுகிறீர்களே, நீங்களே அரையுங்கள். குளிக்கப் போகும்போது உங்கள் நான்கு உடுப்போடு வீட்டுத் துணியையும் வாளியில் எடுத்துக்கொண்டு வந்து, கரையில் தண்ணீர் மொண்டு துவைத்துப் பிழிந்து கொண்டுபோங்கள். ஒரு பிசானம் அறுவடை வரைக்கும் விடாமல் செய்து பாருங்கள். செய்ய முடிந்தால் உங்கள் கொள்கையை நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை, நல்லதாக ஒரு கிரைண்டர் வாங்கிப் போடுங்கள்.

திட்டிவிட்டேன் என்று மனசு கஷ்டப்படாதீர்கள். கை நிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டுத் தாத்தா வீட்டு ஓட்டைச் சரிபண்ணிக் குடியேறுவது லேசான காரியமா? ஊரில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறீர்கள். அதற்கு மேலும், ஏதோ குறைகிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், எங்கள் பெரியப்பாவுக்குக் கடைசிவரை அது தோன்றவே இல்லை.

பத்தாவது கொள்கை என்னவென்று கேட்டிருந்தீர்கள். அந்த நோட்டை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுங்கள். முதல் ஒன்பதில் எதையெல்லாம் அடிக்கலாம் என்றும் அவரிடமே கேளுங்கள். ஒருவேளை அவருக்கு அம்மிதான் பிடித்திருக்கிறது என்றால் அதை அவர் வாயால் எனக்குச் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கடிதம் அவர் எழுத வேண்டும். அவருக்குத் தனியாகப் பதில் போடுகிறேன், இங்கே வெளியிட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா
பாளையங்கோட்டை