வேலைக்குப் போன வழியில் இறந்தவர்கள்

கேள்வி: தைவானில் படகு மூழ்கி இறந்த 25 பெண்களின் கல்லறைக்கு 'பெண் தொழிலாளர் நினைவுப் பூங்கா' என்று பெயர் மாற்றியிருக்கிறார்களே, பெயரை மாற்றி என்ன ஆகப்போகிறது?

பதில்: அந்தப் பெண்கள் எதற்காகப் படகு ஏறினார்கள் என்பது பழைய பெயரில் இல்லையே! அது தெரியத்தான் மாற்றினார்கள்.

1973 செப்டம்பர் 3, காலை. காவ்சியுங் துறைமுகத்தை ஒட்டிய சீஜின் தீவிலிருந்து அக்கரையில் இருந்த தொழிற்சாலைகளுக்குப் போகிற கூட்டம். சின்னப் படகு, அதில் 70 பேருக்கு மேல். அடுத்த படகுக்கு நின்றால் வேலைக்குத் தாமதமாகும். ஒரு நாள் தாமதமானாலும் மாதம் முழுக்கத் தவறாமல் வேலைக்கு வருவதற்கான போனஸ் போய்விடும் என்ற பயம். படகு மூழ்கியது. இறந்த 25 பேரும் கல்யாணமாகாத பெண்கள். ஆகச் சிறியவளுக்கு 13 வயது. பதிமூன்று வயதுப் பிள்ளைக்குத் தொழிற்சாலையில் என்ன வேலை? 1966-இல் அங்கே ஏற்றுமதி மண்டலம் திறந்ததிலிருந்து குறைந்த கூலிக்கு இளம்பெண்கள் தேவைப்பட்டார்கள்; வீட்டுக்கும் அவர்கள் சம்பளம் தேவைப்பட்டது.

ஊர் கண்ணுக்குப் பட்டதோ அவர்களுக்குக் கல்யாணமாகவில்லை என்பதுதான். அங்குள்ள வழக்கப்படி, மணமாகாமல் இறந்த மகளுக்குப் பிறந்த வீட்டு முன்னோர் மாடத்தில் இடமில்லை. புகுந்த வீடும் இல்லாததால் அனாதை ஆவி என்று பயந்தார்கள். எல்லோரையும் ஒன்றாகப் புதைத்து, 'இருபத்தைந்து கன்னியர் கல்லறை' என்றார்கள். அந்தப் பக்கம் போகிற ஆண்களைப் பேய் பிடிக்கும் என்ற கதைகளும் கிளம்பின. பேய்க்கதை பேசப் பேச, படகில் அத்தனை பேரை யார் ஏற்றினார்கள், அந்தப் பெண்களை அப்படி ஓடவைத்தது எது என்பதெல்லாம் பேச்சிலிருந்தே நழுவிப் போயின. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

காவ்சியுங்கின் பெண்ணுரிமை இயக்கத்தினர் விடாமல் கேட்டுக் கேட்டு, 2008-இல் பெயர் மாறியது. பெற்றோரின் கவலை வேறு. மகள் தொழிலாளி என்று ஊர் சொல்வதைவிட, அவள் ஆவி அலையாமல் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் பெரிது. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு ஓர் இடம் கேட்கிறார்கள், அவ்வளவுதான். பூங்கா அந்த இடத்தைத் தந்தது. இப்போது நகர நிர்வாகமே அங்கே வந்து அஞ்சலி செலுத்துகிறது, வேலைக்குப் போகும்போது உயிர்விட்ட தொழிலாளர்கள் என்று சொல்லியே.