பெரிய நாய்க்குக் கார் ஹார்னஸ்: இடுக்கில் புண் ஏன் வருகிறது?

சிங்கப்பூர் செராங்கூன் கார்டன்ஸ் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் லாப்ரடாருக்கு 8 வயது, 32 கிலோ. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குக் காரில் போகும்போது ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்க்கச்சை) போட்டுப் பின்னிருக்கையில் கட்டுகிறோம். முன்னங்கால் இடுக்கு சிவந்து முடி உதிர்கிறது. அவனுக்கு வசதியாகவும் இருக்க வேண்டும், பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். எதை வாங்குவது?"

முதலில் அந்த ஹார்னஸை ஒதுக்கி வையுங்கள். சிவப்பு ஆறும்வரை பூங்காப் பயணம் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்க்காத உடம்பும் ஈரமாகவே கிடக்கும். அதோடு உராய்வும் சேர்ந்தால் இரண்டே நாளில் நீர் வடியும் புண்ணாகிவிடும். ஏற்கெனவே வடிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெஞ்சைச் சுற்றும் வார் இடுக்கிலேயே உட்கார்ந்திருப்பதுதான் கோளாறு. அது மூன்று விரற்கடை பின்தள்ளி, விலா எலும்பின்மேல் படிய வேண்டும். தையல் நாடாவால் அந்தச் சுற்றளவை எடுத்து, அதை வைத்து வாங்குங்கள். 'எக்ஸ்எல்' என்ற எழுத்தை நம்பாதீர்கள்; அது கடைக்குக் கடை மாறும். மாட்டியபின் வாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும். நெஞ்சுக்கு முன்னால் வரும் பட்டை உள்ளங்கை அகலமாவது இருக்கட்டும்.

இனி என் கவலைக்கு வருகிறேன். உங்கள் நாய் போட்டிருப்பது பெரும்பாலும் நடைப்பயிற்சி ஹார்னஸ். நாய் வாங்கும்போதே 'முழு செட்' என்று தலையில் கட்டிவிடும் இடைத்தரகர்கள் அதோடு ஒரு குட்டி நாடாவையும் கொடுத்து, 'கார் பெல்ட்' என்பார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 32 கிலோ நாய் ஏறத்தாழ 450 கிலோ விசையோடு இழுக்கும். பிளாஸ்டிக் கொக்கி தாங்குமா? கழுத்துப் பட்டையில் மாட்டினால் கழுத்தே போய்விடும். நீளும் நாடா, இருக்கைக்குக் குறுக்கே ஓடும் கயிறு எதுவுமே வேண்டாம். காரின் சொந்த இருக்கை வாரே ஹார்னஸுக்குள் புகுந்து வரும் வகையைக் கேளுங்கள்.

'விபத்துச் சோதனை செய்தது' என்று பெட்டியில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும் என்று சட்டம் போட்ட நாம், நாய் ஹார்னஸை ஏன் கேட்பாரற்று விட்டிருக்கிறோம்? எனக்கு இதில் பொறுமையே இல்லை. அமெரிக்காவின் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற செல்லப்பிராணிப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் நாய்ப் பொம்மைகளை வைத்துச் சோதித்தபோது பல ஹார்னஸ்கள் தோற்றன. ஸ்லீப்பிபாட் கிளிக்கிட் யூட்டிலிட்டி என்ற ஹார்னஸ் முதலிடம் பெற்றது. அந்த அமைப்பு சான்று தந்த பொருள்களின் பட்டியலைப் பார்த்தபிறகு காசைக் கொடுங்கள்.

ஒரு விலக்கு உண்டு, உங்களுக்கு அது பொருந்தலாம். 8 வயது லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தால் நிமிர்ந்தே உட்காரச் சொல்வது கொடுமை. படுத்தெழ மட்டும் இடம் விட்டு வாரைச் சரிசெய்யுங்கள். முன்னிருக்கையை எட்டும் அளவு நீளம் கூடாது. பின்னிருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவில் கால்வைக்கும் பள்ளத்தைக் கெட்டியான மெத்தையால் நிரப்புங்கள். ஏற்றும்போது ஹார்னஸைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடிவயிற்றின்கீழ் துண்டு போட்டுத் தாங்குங்கள், அல்லது சரிவுப் பலகை வையுங்கள். அப்படியும் முனகினால் ஹார்னஸை விட்டு, காரின் பின்பகுதியில் உறுதியாகக் கட்டிய கூண்டு பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

புதியது வந்ததும், நின்ற காரில் ஏர்கானைப் போட்டு, பத்து நிமிடம் மாட்டி உட்கார வையுங்கள். கழற்றியதும் இடுக்கில் விரலால் முடியை விலக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் அன்றே கடையில் மாற்றுங்கள்.