பழைய படக் கம்பெனிகளின் லோகோவில் சாமி ஏன் வருகிறார்?

படம் தொடங்கும் முன் சில விநாடிகள் திரையில் வருகிறதே, கம்பெனியின் அடையாளம், அதுதான் லோகோ. பழைய படங்களில் அந்த இடத்தில் வேல், தாமரை, கொடி, சிவபூஜை என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

காரணம் எளிது. படமெடுப்பது கடன் வாங்கிச் செய்யும் தொழில். ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதலாளி தன் சாமியை முன்னால் நிறுத்தினார். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் மலைப்பூண்டு வியாபாரி புதுக் கணக்கு நோட்டைப் பிரித்ததும் மேலே 'உ' போட்டு, 'குழந்தை வேலப்பர் துணை' என்று எழுதிவிட்டுத்தான் முதல் மூட்டையின் எடையைக் குறிப்பார். அதே பழக்கம்தான், கொஞ்சம் பெரிய திரையில்.

படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் முருக பக்தர். தேவர் பிலிம்ஸ் போக, இன்னொரு கம்பெனிக்கு தண்டாயுதபாணி பிலிம்ஸ் என்றே பெயர் வைத்தார். பழனி மலையில் கோலோடு நிற்பவரின் பெயர் அது. பம்பாயில் ராஜ் கபூரின் ஆர்.கே. பிலிம்ஸ் படங்கள் அவருடைய அப்பா, நடிகர் பிருத்விராஜ் கபூர் சிவலிங்கத்துக்குப் பூஜை செய்யும் காட்சியோடு தொடங்கும். எனக்குப் பிடித்தது இந்திப் பட இயக்குநர் மெஹபூப் கானுடையது: கம்யூனிஸ்டுகளின் அரிவாள் சுத்தியல் சின்னம், கூடவே 'இறைவன் நினைத்ததே நடக்கும்' என்ற பொருளில் ஓர் உருதுக் கவிதை. இரண்டும் ஒரே திரையில்!

அப்புறம், லோகோவில் சாமி வந்தால் பக்திப் படம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எம்.ஜி.ஆரை வைத்துத் தேவர் எடுத்தவை சண்டையும் காதலும் நிறைந்த சமூகப் படங்கள்.