லண்டனிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம் வரை சுமார் 5,540 கி.மீ. லண்டனிலிருந்து போக ஏறக்குறைய 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இணையதளம் ஆறேகால் மணி நேரம் என்கிறது, இன்னொன்று எட்டு என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறேகால் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் ஏறக்குறைய அதுதான் வரும். அந்தக் கணக்கில் காற்று இல்லை.

இந்தத் தடத்தில் எல்லாம் காற்று செய்கிற வேலைதான். வட அட்லாண்டிக்குக்கு மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. இருக்கைத் திரையில் படம் போடாமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வருவது என் வழக்கம். லண்டன் திரும்பும் இரவு விமானத்தில் தரைவேகம், அதாவது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம், மணிக்கு 1,000, 1,050 கி.மீ. என்று ஏறும். எதிர்த்திசையில் அதே கடலுக்கு மேல் 800 அளவில் நின்றுவிடும். இயந்திரங்கள் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் உழைக்கின்றன.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை மிஞ்சிப் பறக்கவில்லை, சுற்றியிருந்த காற்றே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

சரி, போகும்போது இழக்கும் நேரம் வரும்போது கிடைத்துவிடுமே என்று தோன்றும். கிடைக்காது. காற்று 100 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: எதிர்த்துப் போனால் 800 வேகத்தில் 6 மணி 55 நிமிடம், கூடவே வந்தால் 1,000 வேகத்தில் 5 மணி 32 நிமிடம். மொத்தம் 12 மணி 27 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடத்தில் முடிந்திருக்கும். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் மாட்டிக்கொள்வதுதான் காரணம். எனக்கு இது இன்றும் அழகான கணக்காகத் தெரிகிறது.

அதனால்தான் மேற்கே போகும் விமானங்கள் சில நாட்களில் கிரீன்லாந்து பக்கமாக ஏறிச் சுற்றிப் போகின்றன. கிலோமீட்டர் கூடும், நேரமும் எரிபொருளும் குறையும். ஆக, 5,540 என்பது மிகக் குறுகிய பாதையின் நீளம்தான். உங்கள் விமானம் அதைவிடக் கூடுதலாகவே பறக்கும்.

அப்புறம், பயணச்சீட்டில் இருக்கும் 8 மணி நேரம் விமானம் வாசலை விட்டு நகர்வதிலிருந்து மறுபக்க வாசலில் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரத்தில் போட்டிருக்கும். வித்தியாசம் 5 மணி. மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் மட்டும் கொஞ்ச நாள் 4 ஆகிவிடும், ஏனென்றால் இரு நாடுகளும் கடிகாரத்தை வெவ்வேறு தேதிகளில் மாற்றுகின்றன.

அங்கிருந்து இணைப்பு விமானம் பிடிக்க வேண்டுமென்றால் தூரக் கணக்குத் தளங்களை விட்டுவிடுங்கள். விமானங்களைக் கண்காணிக்கும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்கள் அது எப்போது தரையிறங்கியது என்று பாருங்கள்.