சாம்பிள் பார்த்தாயிற்று, லைன் பார்த்தீர்களா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். டெக்ஸ்டைல் டெக்னாலஜி முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான்கு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எம்.பி.ஏ. படிக்க ஆசை. மூன்று கல்லூரிகளின் அறிமுகக் கூட்டங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று கோவையில் ஒரு ஹோட்டலில், ஒன்று ஆன்லைனில், ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் அவர்கள் கேம்பஸிலேயே. "எல்லாம் விளம்பரம்தான், வெப்சைட்டில் இல்லாததையா அங்கே சொல்லிவிடப் போகிறார்கள்?" என்கிறாள் தோழி. ஷிப்மென்ட் நேரத்தில் லீவு போட்டுப் போகிற அளவுக்கு இதில் பயன் உண்டா?
*வாசகி, திருப்பூர்*

பதில்: போங்கம்மா. மூன்றுக்கும் போங்கள். கேம்பஸிலேயே நடக்கும் சென்னைக் கூட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் தோழி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மேடையில் ஓடும் முக்கால் மணி நேரப் படக்காட்சி வெப்சைட்டில் இருப்பதுதான். ஆனால் உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பையருக்கு நீங்கள் அனுப்பும் சாம்பிள் அருமையாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மட்டும் ஆர்டர் போடுகிற பையர் உண்டா? ஃபேக்டரிக்கு வருவார், தையல் லைனில் நடப்பார், டெய்லரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். கூட்டம் முடிந்து டீ கொடுக்கும் அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு லைன். கையில் கப்போடு நிற்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

நான் 2004-ல் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு கல்லூரியின் கூட்டத்துக்குப் போனேன். நூலகப் படம், விமான நிலையம் போல ஒரு வரவேற்பறைப் படம். "இன்னும் நாலு சீட்தான் இருக்கிறது" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அட்மிஷன் ஆள். அன்றைக்கே பத்தாயிரம் ரூபாய் கட்டினேன். என் இரண்டு மாதச் சம்பளம் அது. மனசு மாறிக் கேட்டபோது ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. அம்மாவிடம் சொல்லவே எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போது, இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால், செயலாக்கக் கட்டணமாக 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அந்தத் தேதி எது என்று கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். அன்றே பணம் கட்டச் சொன்னால், வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

அடுத்த வருடம் வேறொரு கல்லூரிக்குப் போனேன். சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் உட்கார விட்டார்கள். கேன்டீனில் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி, "எங்கள் செட்டில் ஃபைனான்ஸ் எடுத்தவர்களில் மூன்று பேருக்குத்தான் அந்த வேலையே கிடைத்தது. மற்றவர்கள் இன்ஷூரன்ஸ் விற்கப் போகிறார்கள்" என்றார். பக்கத்து மேசையில் அவருடைய பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழும்படியே சொன்னார். நான் அங்கேதான் சேர்ந்தேன். வேலை நிலவரம் தெரிந்தே சேர்ந்ததால், முதல் நாளிலிருந்து அதற்கேற்ப உழைக்க முடிந்தது.

உங்கள் விஷயத்தில் முதல் கேள்வி சம்பளம் அல்ல. வகுப்பில் யார் இருப்பார்கள் என்பது. இரண்டு வருட முழுநேரப் படிப்புகள் பலவற்றில் கல்லூரி முடித்த கையோடு வருபவர்கள் நிறைய. நான்கு வருடம் பையரோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு, அதே மாதிரி அடிபட்டு வந்தவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் பாடம் பாடமாக இருக்கும். அதனால் ஒரு வருடப் படிப்புகளையும் விசாரியுங்கள். ஹைதராபாத் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) இருக்கிறது. அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐஐஎம்களிலும் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) அனுபவசாலிகளுக்கென்று தனிப் படிப்பு உண்டு. இந்த ஐஐஎம்களில் குறைந்தது நான்கு அல்லது ஐந்து ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். இந்த ஒரு வருடப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஜிமேட் அல்லது ஜிஆர்இ என்ற சர்வதேச நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும். இரண்டு வருடப் படிப்புகளுக்கு ஐஐஎம்கள் கேட்கும் கேட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஆயுள் ஒரு சேர்க்கைப் பருவம்தான். எந்தத் தேர்வுக்குப் படிப்பது என்பதே இதைப் பொறுத்து மாறும், அதனால்தான் கூட்டத்துக்கு முதலில் போகச் சொல்கிறேன்.

வேலையை விட மனமில்லை என்றால் திருச்சி ஐஐஎம் சென்னையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நடத்தும் படிப்பு இருக்கிறது. ஆனால் சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, வகுப்பு முடித்துத் திரும்பி, திங்கட்கிழமை ஷிப்மென்ட் பார்ப்பதை எத்தனை மாதம் தாங்குவீர்கள்? வெளியூரிலிருந்து வந்து போகிற மாணவர் ஒருவரோடு பேச வைக்கச் சொல்லுங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். "சராசரி 15 லட்சம்" என்று திரையில் வரும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 10 லட்சம், ஒருவருக்கு 60 லட்சம் என்றாலும் சராசரி 15 லட்சம்தான். அதனால் மீடியன் கேளுங்கள். வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் அது. அப்புறம், அந்தத் தொகையில் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு, ஜாயினிங் போனஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஐஐஎம் அகமதாபாத் முன்னின்று உருவாக்கிய ஐபிஆர்எஸ் என்ற முறைப்படி அறிக்கை தருகிற கல்லூரிகள், இவற்றைப் பிரித்துக் காட்டித் தணிக்கையும் செய்கின்றன. உங்களுடையது அப்படியா என்று தயங்காமல் கேளுங்கள். நீங்கள் கட்டப்போவது லட்சக்கணக்கில். கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு.

கடைசியாக ஒன்று. ஜவுளித் துறையிலேயே மேலே போக வேண்டுமா, துறை மாற வேண்டுமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. "என் மாதிரி கார்மென்ட்ஸிலிருந்து வந்தவர் யாராவது உங்களிடம் படித்தார்களா, இப்போது எங்கே இருக்கிறார்?" என்று மூன்று இடத்திலும் கேளுங்கள். ஒருவருடைய தொடர்பு கிடைத்தாலும் லீவு வீண் இல்லை.

கேள்வி: பி.காம் கடைசி வருடம். ஆன்லைன் கூட்டத்தில் எல்லோரும் இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறார்கள். எனக்குக் கேள்வி இருந்தும் வாய் வரவில்லை.
*வாசகர், திண்டுக்கல்*

பதில்: தம்பி, முந்தின நாளே இரண்டு கேள்வியை எழுதி வையுங்கள். சாட் பெட்டியில் போட்டுவிட்டால் போதும், இலக்கணம் யாரும் பார்க்கப் போவதில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரி என்றால் மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்து தமிழிலேயே கேளுங்கள். நிதானமாகப் பதில் சொல்கிறார்களா என்பதும் உங்களுக்கு ஒரு தகவல்தான். தமிழ்நாட்டு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேரும் எண்ணம் இருந்தால், கல்லூரிகளை நேரில் பார்க்கக் கலந்தாய்வு வரை காத்திருக்காதீர்கள். உங்கள் முறை வந்தபின் நிதானமாக யோசிக்க நேரம் இருக்காது.

கேள்வி: மகளோடு அறிமுகக் கூட்டத்துக்கு நானும் போகலாமா? "அப்பா வந்தால் எனக்குக் கூச்சம்" என்கிறாள்.
*வாசகர், காரைக்குடி*

பதில்: போங்கள் ஐயா, ஆனால் வேறு வரிசையில் உட்காருங்கள். படிப்பு பற்றிய கேள்விகளை அவர் கேட்கட்டும். விடுதி, கட்டணத் தவணை, கல்விக் கடன் உங்கள் பங்கு. பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் சேர்ந்த கல்வி நிறுவனங்களில் படிக்க, அடமானமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் கிடைக்கும். கல்லூரியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டு, ஊருக்கு வந்ததும் வங்கியிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுப்பது அதற்கு அப்புறம்.